மிளகுப் பாயில் கிடந்த இரும்பு

அலுவிகாரை

அன்பு மகள் நிஷ்மியாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், டோஹா வெயிலில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய், பேசினால் வாப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், இதை அவர் காதில் விழச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு றிஷாத் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் மிளகோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

தம்பி முஸம்மில் கலேவெலயில் வாங்கிய பழைய லொறியை அவனும் வாப்பாவும் முற்றத்திலேயே பிரித்துப்போட்டுச் செய்வது உனக்குத் தெரியும்தானே. முற்றம் முழுக்க எண்ணெய், மிளகு காயவைக்க இடமில்லாமல் தினமும் எனக்கும் அவர்களுக்கும் சண்டை. சைலன்சர் குழாயைக் கழற்றினால் உள்ளே வட்டமாக ஒரு மூடி, பாதி மூடியபடி துருப்பிடித்து இறுகியிருந்தது. புகை போகிற வழியில் மூடி எதற்கு, இதனால்தான் லொறி இழுக்கவில்லை என்றார் வாப்பா. யாரிடமாவது கேட்போம் என்றான் தம்பி. ஊருக்கெல்லாம் த்ரீவீல் திருத்திக் கொடுத்த மனுஷன் கேட்பாரா? அந்தத் துண்டை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்து வெல்டிங் பண்ணிவிட்டார். லொறி நன்றாக இழுத்தது, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல கனமான இரும்பு, மிளகுப் பாய் காற்றில் மடியாமல் நான் அதை மூலையில் வைத்துக்கொண்டேன்.

கண்டிக்கு முதல் லோட் மரக்கறி ஏற்றுவதற்கு முந்தின நாள் லொறியில் ஏறிச் சீட்டைத் துடைத்தேன். சாவி போட்டிருந்தது. ஸ்டியரிங் பக்கத்துப் பிடியில் துணி பட்டு இழுபட்டதும் முன்னால் சின்னதாக ஒரு லைட் எரிந்தது, விட்டால் அணைந்தது. தேவையில்லாத சாமானுக்கு யாராவது லைட் வைப்பானா என்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன் அந்தப் பிடியின் வயரைப் பிடித்துக்கொண்டே லொறிக்கு அடியில் போனான், வயர் வாப்பா அந்த இரும்பை எடுத்த இடத்தில் போய் முடிந்தது. கண்டி பஸ் ஓட்டும் லாபிர் நானாவுக்கு போட்டோ அனுப்பினோம். அது இறக்கத்துக்கான பிறேக்காம். பாரத்தோடு இறங்கும்போது மூடி புகையை அடைக்க, இஞ்சினே லொறியைப் பிடித்துவைக்குமாம், கால் பிறேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடுமாம். கலேவெல சமதரையில் ஓடியவர்களுக்குத் தேவைப்படாமல் துருப்பிடித்திருக்கிறது. தம்பி இறங்க இருந்ததோ கண்டிப் பாதையில் செங்குத்தான பலகடுவ இறக்கம். வாப்பா வந்து பாயிலிருந்து அந்த இரும்பைத் தூக்கினார். மிளகு சிதறியதற்கு நான் வாய் திறக்கவில்லை. "என்ட புள்ளய நானே கொல்லப் பாத்தேன், நூரு" என்றார். லோடைத் தள்ளிப்போட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூடி இலேசாகத் திரும்பும்வரை தேய்த்து, பழைய இடத்திலேயே பூட்டினார்கள். முதல் பயணத்தில் நானும் போனேன். இறக்கத்தில் தம்பி பிடியை இழுத்தான், லைட் எரிந்தது, லொறி அடங்கி இறங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஏசிக் குளிரில் ஈரத்தலையோடு படுக்காதே. வாப்பாவிடம் லொறியைப் பற்றிக் கேலி மட்டும் பண்ணிவிடாதே. தம்பி கண்டிக்குப் போகும் நாளில், லொறி திரும்பி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் சோற்றுக்குக் கை கழுவுகிறார்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் காவலில் வைப்பானாக.

உன் உம்மா,
நூருன்னிஸா