சொல்தூணில் வேந்தர் தொங்கவிடும் ஓலை

மழை பிழையாது பொழிக. மகவுகள் நலமே பிறக்க. பொன்வரை நாடுடைய வேந்தர் மாறவேள் பணிக்க அமைச்சர் இளந்தத்தன் எழுதும் ஓலை. தென்கரையூர் மருத்துவச்சி, பிள்ளைப்பேற்றில் கைதேர்ந்த சாத்தி நங்கையார் காண்க. தங்கள் இல்லமும் கறவையும் செழிக்க.

வலியோரின் பிழையை எளியோர் அஞ்சாது உரைக்கவே, நகர வாயிலின் சொல்தூணில் எவரும் பெயரிடாமல் ஓலை தொங்கவிடலாம் என்று வேந்தரின் பாட்டனார் வழி வகுத்தார். சென்ற ஆவணியில் அங்கே தங்கள் மருந்தில் நஞ்சுண்டு என்றோர் ஓலை தொங்கிற்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வேந்தரும் விசாரியாமல் தங்கள் மருந்தகத்தை அடைக்க ஓலை விடுத்து, கதவுக்கு முத்திரையும் இட்டார்.

மூன்று திங்கள் கழித்து அவர் மகளார் பேறுகாலத்தில் இரண்டு உயிரும் ஊசலாடின. தங்களை அழைக்க வேந்தருக்கு நாக்கூசிற்று. தாங்களோ அழையாமலே வந்து, மருந்தெடுக்க அரச முத்திரையை உடைத்தது தாங்களே என்று வாயிலோரிடம் பெயர் சொல்லி உரைத்தீர்கள். தாயும் சேயும் பிழைத்தனர். அன்று வேந்தர் அழுததை எழுதலாகாது என்று பணித்தார், அமைச்சர் எழுதிவிட்டார்.

பின்பு வேந்தர் சினந்து தூணையே வெட்டச் சொன்னபோது தடுத்தவரும் தாங்களே. மதகுக் காவலன் ஏரிநீரை மறைவில் விற்றதை முன்பு அத்தூணில் எழுதியது தாங்கள் என்றும், பெயரிட்டிருந்தால் வீடு எரிந்திருக்கும் என்றும் மொழிந்தீர்கள்.

ஆகவே ஆணை: தூண் நிற்க. எழுதுவோர் ஓலையின் வாலைக் கிழித்து, அதில் பெயர் பொறித்து, வாய் மூடிப் பக்கத்தில் துளையிட்ட குடத்தில் இடுக. பொய்யால் ஒருவர் கெட்டாலன்றிக் குடத்தை உடைக்கலாகாது. உடைத்தால் கிழிந்த விளிம்புகள் பொருந்தி ஆளைக் காட்டும். விசாரியாமல் எவர் கதவுக்கும் முத்திரை இடலாகாது, வேந்தரே ஆயினும்.

தங்களைக் கெடுத்த ஓலைகள் இரண்டு. ஒன்றை எழுதியவர் இன்னும் அகப்படவில்லை. மற்றதை விடுத்தவர் நாளைக் காலை முரசறைந்து, தூணின் முன் நின்று, பிழை பொறுக்குமாறு வேண்டும் ஓலையைத் தம் கையால் தொங்கவிடுவார்.

பேத்திக்கு இன்னும் பெயரிடவில்லை. சாத்தி என்று அழைக்கத் தாங்கள் இசைய வேண்டும். இது ஆணையன்று, வேண்டுகோள்.

முத்திரை போதாதென்று வேந்தர் தம் கையாலேயே கீழே பொறித்தது:

இவை மாறவேள் எழுத்து.