வைக்காத கைநாட்டு

இன்று தபாற்கந்தோரில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஊதா மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தினார். அந்த மையின் மணம் மூக்கில் ஏறியதும் வரிசையிலிருந்து விலகினேன். பக்கத்தில் கிடந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் கூப்பிடுவதுபோல்தான் உங்களையும் கூப்பிட்டேன். நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி, மூன்று மாதமாகிறது. அந்த நாளின் பயம் மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது.

துறைமுகத்தில் கம்பனியின் மோட்டார்ப் படகை, அந்த லோஞ்சை, நீங்கள் முப்பது வருடம் ஓட்டினீர்கள். நான் அதே கம்பனிக் கந்தோரில் தட்டெழுத்தாளர். நீங்கள் ஓய்வுபெறுவதற்கு முந்திய மாரியில், கட்டியிருந்த வடம் அறுந்து லோஞ்ச் பாறையில் மோதி உடைந்தது. வடம் பழசாகிவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று நீங்கள் இரண்டு முறை கடிதம் கொடுத்துக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதங்களை அடித்துத் தந்தவள் நான்தான். அப்படியிருந்தும், உங்கள் கவனயீனத்தால் வந்த நட்டம் என்று சொல்லி, அதை உங்கள் பென்சனில் மாதாமாதம் கழிக்க மனேஜர் முடிவு செய்தார்.

பென்சன் விதிகளை அடித்தவளும் நானே. கம்பனி கடன் என்று சொல்வதை, ஊழியரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாமல் பென்சனில் கழிக்க முடியாது. ஆகவே ஆங்கிலத்தில் ஒரு சம்மதப் பத்திரம் தயாரானது. "பென்சன் படிவம் எண்டு சொல்லிக் கைநாட்டை எடும்" என்றார் பெரிய கிளாக்கர்.

நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிண்ணியாவிலிருந்து படகில் வந்திருந்தீர்கள். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. பெரிய கிளாக்கர் மைப் போத்தல் எடுக்க உள்ளே போனார். கண்ணாடிக்கு அப்பால் மனேஜரின் தலை தெரிந்தது. தட்டெழுத்துப் பொறியின் மேல் குனிந்தபடி மெல்லச் சொன்னேன்.

"நானா, வையாதேங்கோ. லோஞ்சுக்காக உங்கட பென்சனில வெட்டுறதுக்கு இது சம்மதம். இது இல்லாட்டி அவைக்கு வெட்ட ஏலாது, கோட்டுக்குப் போகவேணும்."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மை வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

"கோட்டுல தீர்ப்பு வந்தா வெட்டுங்க ஐயா. நான் வைக்க மாட்டன்."

பெரிய கிளாக்கரின் முகம் கறுத்தது. "ஆர் உமக்குக் கோட்டுக்கதை சொல்லித் தந்தது?"

உங்கள் பென்சனை முழுதாகவே நிறுத்திவைத்தார்கள். ஒவ்வொரு மாதமும் நீங்கள் வந்து சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொரு மாதமும் அதே கேள்வி. "ஆளைச் சொல்லும். இண்டைக்கே காசு வரும்."

"காசு வேணும்தான் ஐயா. அந்தக் கதைய மட்டும் என்னட்டக் கேக்காதீங்க."

நான் நாலடி தள்ளியிருந்து, தட்டெழுத்துப் பொறியின் சத்தம் நிற்காதபடி ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பாரிசவாதத்தில் கிடந்த அப்பா, என் சம்பளத்தில் ஓடும் வீடு, இவைதான் கண்ணில் நின்றன. உங்கள் வீட்டு மாட்டை விற்றுவிட்டார்கள் என்று படகுக்காரர்கள் கதைத்தது காதில் விழுந்தது. அப்போதும் கர்த்தரிடம் நான் கேட்டது உங்களுக்குப் பென்சன் கிடைக்கவேண்டும் என்றல்ல. நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாம் மாதம் உங்கள் சட்டத்தரணியின் கடிதம் வந்தது: வழக்கு வையுங்கள், அல்லது பென்சனைக் கொடுங்கள். வழக்கென்றால் வடத்தைப் பற்றிய இரண்டு கடிதங்களும் வெளியே வரும். கம்பனி வழக்கு வைக்கவில்லை. நிறுத்திய மாதங்களையும் சேர்த்து முழுவதையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு என் மேசையைக் கடந்து போனீர்கள், முன்பின் தெரியாதவர்போல.

வேறு வேலை கிடைத்து அந்தக் கந்தோரை விட்ட பிறகுதான், உங்கள் வீட்டுக்கு வர எனக்குத் துணிவு வந்தது. உங்கள் மனைவி தேத்தண்ணி தந்தார். நான் அழுதேன்.

"ஏன் நானா என்ர பேரைச் சொல்லேல்ல?"

நீங்கள் சிரித்தீர்கள். "உங்கட பேர் எனக்குத் தெரியாதே, புள்ள. மிஸ்ஸி எண்டுதான் தெரியும். அண்டைக்குப் பொறகு ஒருத்தர்ட்டயும் கேக்கல்ல. தெரிஞ்சா, கஷ்டத்துல எப்பவாச்சும் வாய் தவறிரும் எண்டு எனக்கும் பயம்தான்."

உங்களுக்கும் பயம் இருந்தது என்று அன்றுதான் அறிந்தேன். அந்தப் பயத்தோடுதான் ஐந்து மாதம் அந்த வாங்கில் இருந்திருக்கிறீர்கள். இப்போது யாராவது ஒரு பத்திரத்தை நீட்டி "இதில என்ன இருக்கு?" என்று கேட்டால், கடைசி வரி வரை வாசித்துச் சொல்கிறேன். பயம் இருக்கிறது, அப்படியும் வாசிக்கிறேன்.

அன்றும் நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லாமலே படகேறிவிட்டேன்.

என் பெயர் றெஜினா, நானா.