புகை வந்தபோது கைதட்டினார்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். நீங்களும், நீங்கள் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் நலம்தானே?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் மட்டும்தான். நான் அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "உன் பொண்ணு கதை விடுறா" என்று போனைப் பிடுங்கி, கிழவர் குரலில் பேசி உங்களைச் சிரிக்க வைத்துவிடுகிறார். போன முறை நீங்களும், "அந்த மனுஷன் நடிப்பாருடி, நம்பாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழுவதையும் படியுங்கள் அம்மா.

நீங்கள் வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு அப்பாவின் நிகழ்ச்சி மாறிவிட்டது. மற்ற ஸ்டாண்டப்காரர்களைப் போல மைக்கைப் பிடித்துக்கொண்டு மாமியார் ஜோக் சொல்கிறவர் அவர் எப்போதும் இல்லை. இப்போது மேடையில் ஒரு இஸ்திரி மேசை மட்டும் இருக்கும். ரசிகர்களில் ஒருவரை மேலே கூப்பிட்டு, சட்டையைக் கழற்றி வாங்கி, தேய்த்துக்கொண்டே அந்தச் சட்டையின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார். காலரைப் பார்த்து, "ஆபீஸ்ல தலையாட்டித் தலையாட்டியே கழுத்து தேஞ்சிருக்கு சார்" என்பார். பாக்கெட்டைத் தடவி, "இங்க ஒரு பேனா குடியிருந்திருக்கு, ஆனா ஒரு வரிகூட எழுதல" என்பார். சட்டைக்காரர் பனியனோடு நின்று வயிற்றைப் பிடித்துக்கொள்வார். ரசிகர்கள் அப்பாவை 'இஸ்திரி' என்றே கூப்பிடுகிறார்கள்.

சில மாதங்களாக அவர் நடுவில் நின்றுவிடுகிறார். ஒரு வாக்கியம் பாதியில் இருக்கும், இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும், அப்படியே நிற்பார். முதலில் நானும் அதைப் புது உத்தி என்றுதான் நினைத்தேன். அரங்கில் ஒருவர் களுக்கென்று சிரிப்பார். பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் உயர்ந்ததும் அப்பா விழித்துக்கொண்டவர் போலத் தொடர்வார். விட்ட இடத்திலிருந்து அல்ல, வேறெங்கிருந்தோ.

அதற்குப் பிறகு ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். தொடக்கம் முதல் வரும் பழைய ஆட்கள், "சரக்கு தீந்து போச்சு, நிக்கிறதுக்கா டிக்கெட்?" என்று பாதியில் எழுந்து போகிறார்கள். புதிதாக வருகிற கல்லூரிக்காரர்களோ, "உனக்கு மூளை இருந்தா புரியும், அந்த மௌனம்தான்யா காமெடி" என்று அவர்களோடு சண்டைக்குப் போகிறார்கள். ஒரு நாள் வாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டை கசங்கினால் தேய்த்துத் தர ஆள் உள்ளே இருக்கிறார் என்று யாரோ சொல்ல, சண்டை போட்டவர்களும் சிரித்துவிட்டார்கள். நான் இரண்டு கட்சி பேசுவதையும் கவனமாகக் கேட்டேன். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போன மாத நிகழ்ச்சியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு வங்கிக்காரரின் நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டி சட்டையின் மேல் இருந்தபடியே அப்பா நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. பிறகு புகை. அப்பா அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதிர்வீட்டில் யாரோ அடுப்பு பற்றவைப்பதைப் பார்ப்பதுபோல. அரங்கமே எழும்பாமல் உட்கார்ந்தபடி கைதட்டியது. வங்கிக்காரரும் கைதட்டினார். விளக்குகளை இயக்குகிற அக்காதான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அவரையும் கூச்சலிட்டு உட்காரச் சொன்னார்கள்.

ஏன் யாரும் எழவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இங்கே இருந்தபோது ஒருமுறை அப்பா மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும், திரைக்குப் பின்னாலிருந்து நீங்கள் அலறிக்கொண்டு ஓடியதும், அவர் கண்ணைத் திறந்து, "பாத்தீங்களா, என் மேல பாசம் இருக்கு!" என்றதும், கூட்டம் உங்களைப் பார்த்துச் சிரித்ததும் அந்த வீடியோவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'எழுந்தவர் ஏமாளி' என்று ரசிகர்கள் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இந்த மனிதர் மேடையில் செத்தாலும் உட்கார்ந்திருப்பதுதான் விவரம் தெரிந்தவர்களின் அடையாளம் என்று அப்பாவே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அன்று பெட்டியின் சூடு பட்டு அப்பாவின் வலது கையில் தோல் உரிந்துவிட்டது. வீட்டில் நான் மருந்து தடவியபோது, "யாரு சுட்டாங்க?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதற்காக அவர் கேட்கவும் இல்லை. வித்தியாசம் எனக்குத் தெரியும் அம்மா. நடிக்கும்போது அவர் ஓரக்கண்ணால் நம் முகத்தைப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை.

இப்போது புதுக்கட்சிக்காரர்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "எரி! எரி!" என்று கத்துகிறார்கள். கருகிய சட்டையோடு படம் எடுத்துப் போடுவது பெருமையாம். நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் போய், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர், "பாப்பா, இதே முகத்தோட இதையே மேடையில வந்து சொல்லேன், அள்ளிடும்" என்றார். வீடியோவின் கீழே, நான் அவர் மகள், இது நடிப்பில்லை என்று எழுதினேன். "குடும்பமே கலைக்குடும்பம்" என்று ஒருவர் பதில் போட்டார். "வசனம் சுமார், அடுத்த தடவை அழுதுகிட்டே எழுது" என்று இன்னொருவர். அதற்கும் கீழே சிரிக்கிற பொம்மைகள். எனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் போட்டு எழுதியிருந்தேன்.

அப்பாவை மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சட்டையை அப்பா தொட்டுப் பார்த்து வரலாறு சொல்ல, மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்து, "இவருக்கா மறதி?" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் அப்பா, நாம் எதற்காக இங்கே வந்தோம் என்று என்னிடம் கேட்டார்.

மறதி நோயைப் பற்றி நான் கலைக்களஞ்சியத்தில் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது, புரிந்த பாதி பயமாக இருந்தது. நீங்கள் கவனித்துக்கொள்ளும் பெரியவர் செருப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார் என்று சொன்னீர்களே, நாமெல்லாம் சிரித்தோமே, அவருக்கு முதலில் எப்படித் தொடங்கியது? நாற்பத்தேழு வயதில் தொடங்குமா? அப்பா அடுப்பை அணைக்க மறக்கிறார். மூடிய கதவின் முன்னால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நாள்தோறும் இப்படி முகங்களைப் பார்க்கிற உங்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறேன்.

ஒரு மாலை அவர் தெளிவாக இருந்தார். வேண்டாம் அப்பா, விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "சிரிக்கிற சத்தம் கேட்டாத்தாண்டா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியுது. அது நின்னா நான் எங்க போவேன்?" பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதே. அவ வேலைய விட்டுட்டு வந்து நிப்பா. வந்தப்புறம் நான் நல்லா இருந்துட்டா, மறுபடியும் அவளை ஏமாத்தினவன் ஆயிடுவேன்" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. மேடையில் ஒரே நேரத்தில் பல இஸ்திரிப் பெட்டிகள் சூடாக இருக்குமாம். சுவரொட்டியில் புகையைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் அவரை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டப் பார்த்தேன். உரிமை இல்லாதவள் என்று ஏற்பாட்டாளர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் சொல்வது சரிதான். உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் வந்து வேண்டாம் என்று சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் வந்த பிறகு இது எல்லாமே நடிப்பு என்று தெரிந்தால் என்னைத் திட்டுங்கள், அடியுங்கள். அப்படி ஆகிவிட வேண்டும் என்றுதான் நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவர் கண்ணைத் திறந்து நம் இருவரையும் பார்த்துக் கெக்கலிக்க வேண்டும், நாம் இரண்டு பேரும் அசடுகளாக நிற்க வேண்டும்.

நேற்று சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். என் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, மெதுவாக, திரும்பத் திரும்ப. நான் திருத்தவில்லை. "இதோ வரேன்" என்று சொல்லிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களைத் தேடி வாசல் பக்கம் போனார்.

உங்கள் பெயர் இன்னும் அவரிடம் இருக்கிறது அம்மா. அது இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
புத்தகப்புழு