முதலில் பாய்ந்த ஜெட்

பெங்களூரு
12 பிப்ரவரி 2024

அன்புள்ள தாரணிக்கு,

நலமா? அப்பாவுக்கு நடை தேறியிருக்கிறதா? அவருக்காக நீ ஆராய்ச்சியை விட்டு பொம்மசந்திரா கம்பெனிக்குப் போன பிறகு லேபில் சேர்ந்து டீ குடிக்கக்கூட ஆள் இல்லை.

நம் கருந்துளை ஆய்வுப் பேப்பர் வெளிவந்துவிட்டது. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து அது உறிஞ்சும் வாயு வட்டாகச் சுற்றி எக்ஸ்ரே வீசும். அந்த வட்டு மாறிய பிறகுதான், ரேடியோ அலையில் தெரியும் ஜெட் பீச்சாங்குழல் போல வெளியே பாயும் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? நம் கணக்கில் ஜெட் முதலில் பாய்கிறது. துறை முழுக்க இதே பேச்சு.

உன் பெயர் விடுபட்டதற்கு வருத்தப்படாதே. பாதியில் போனவர்கள் பெயர் வேண்டாம் என்று நம் கைடு சீனிவாசராகவன் சார் சொல்லிவிட்டார். நான் என்ன செய்ய?

அன்புடன்,
உத்தமன்

காக்ஸ் டவுன்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள உத்தமன் அண்ணாவுக்கு,

அப்பா இப்போது கேட் வரை நடக்கிறார்.

பேப்பரைப் படித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நான் பிரித்தெடுத்த ரேடியோ தரவு அச்சில் நன்றாகத்தான் இருக்கிறது. சாரிடமும் கேட்டேன். என் பெயர் வேண்டாம் என்றது நீங்கள்தானாம். வயிறு எரிகிறது அண்ணா, மறைப்பானேன்.

ஜெட் முதலில் பாய்கிறது என்பது பெரிய விஷயம். எல்லா மேடையிலும் தைரியமாகச் சொல்லுங்கள். உஷா அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தாரணி

பெங்களூரு
9 மார்ச் 2025

தாரணி,

மோசம் போய்விட்டேன். அதே கருந்துளை மறுபடி சீறியது. இந்த முறை வட்டுதான் முதலில் மாறியிருக்கிறது. நம் பழைய தரவையும் சோதித்தவர்கள் ரேடியோ நேரம் ஐந்தரை மணி முன்னால் போயிருக்கிறது என்கிறார்கள். ரேடியோ டெலஸ்கோப் இந்திய நேரத்தில் பதிகிறது, எக்ஸ்ரே செயற்கைக்கோள் உலக நேரத்தில். அதனால்தான் ஐந்தரை மணியைக் கழித்தேன். நீயும் முன்பே கழித்திருந்தாயா?

அடுத்த வாரம் நிரந்தர வேலைக்கு நேர்காணல். உஷாவுக்கு ஏழாம் மாதம். கோப்பு உன்னிடமிருந்தே குழப்பமாக வந்தது என்று நாலு வரி எழுதிக் கொடு. நீதான் துறையை விட்டுப் போய்விட்டாயே, உனக்கு என்ன நஷ்டம்?

உத்தமன்

காக்ஸ் டவுன்
14 மார்ச் 2025

திரு. உத்தமன் அவர்களுக்கு,

ஆமாம், கழித்திருந்தேன். கோப்பின் முதல் வரியே அதுதான்: 'உலக நேரத்துக்கு மாற்றியாயிற்று. தாரணி.' பேப்பரோடு நீங்கள் இணையத்தில் வைத்த கோப்பில் அந்த வரி இல்லை. என் பெயர் இருந்ததால்தானே அழித்தீர்கள்? கழித்தாயா என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பெயரைப் போட வேண்டிவருமே.

பேப்பரில் இருந்த வரைபடத்தைப் பார்த்த அன்றே, ஐந்தரை மணி இரண்டு முறை கழிந்திருப்பது எனக்குத் தெரியும். ஒரு போன் போதும், திருத்தியிருப்பீர்கள். போடவில்லை. இன்னும் மேலே ஏறட்டும், பிறகு விழட்டும் என்று காத்திருந்தேன். உங்கள் உரைகளை யூடியூபில் ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

கேட்ட நாலு வரியை எழுதிவிட்டேன். முதல் வரி உள்ள கோப்போடு, பேப்பரை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் சாருக்கும் நேற்றே போய்விட்டது.

அண்ணியை நினைத்து ஒரு நாள் தயங்கினேன். ஆனால் தவறில் எனக்குப் பங்கு வேண்டுமென்றால் பேப்பரில் என் பெயர் இருக்க வேண்டும். மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் பெயர்தான் இருக்கிறது.

தாரணி