எட்னா எழுதிய கால்மணி நேரம்

ஆல்தர்பி, யார்க்ஷயர்
ஞாயிறு, 19 நவம்பர் 1989

அன்புள்ள டெரிக்,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர்த்தால் நாங்கள் இருவரும் நலமே. நீயும் லின்னும் குழந்தையும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கடிதமும் படமும் கிடைத்தன. குழந்தையின் மூக்கு அப்படியே உன்னுடையது, கண் யாருடையது என்று இங்கே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. பதில் தாமதம் என்று கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடச் சமையலறையில் நடந்ததை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

நீ போன பிறகு கன்சர்வேட்டிவ் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிச் சாப்பாடு, குப்பை அள்ளுவது, தெரு பெருக்குவது எதையும் நகராட்சி இனித் தன் ஆட்களுக்கே கொடுத்துவிட முடியாது. தனியார் கம்பெனிகளோடு நாங்களும் டெண்டர் போட வேண்டும், குறைத்துக் கேட்பவருக்கே வேலை. பதினேழு வருஷமாகச் செய்கிற வேலையை நானே குறைத்துக் கேட்க வேண்டும் என்றால் பார்த்துக்கொள். அதற்காக ஜூன் மாதம் நகராட்சியிலிருந்து ஓர் இளைஞர் கட்டுக் கட்டாகத் தாள் கொண்டுவந்தார். ஒவ்வொரு கால்மணி நேரமும் யார் என்ன செய்கிறோம் என்று ஒரு வாரம் எழுதித் தர வேண்டுமாம். காய் நறுக்கும் பெரில், "கக்கூஸ் போறதுக்கும் ஒரு கட்டம் இருக்கா கண்ணு?" என்று கேட்க, அவருக்குக் காது சிவந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், தலைமைச் சமையல்காரி நான்தானே. "உள்ளத உள்ளபடி எழுதுங்கடி, நாம என்ன திருடவா செய்றோம்" என்றேன். இதைச் சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

எட்னாவை உனக்கு நினைவிருக்கும், நீ முட்டைக்கோஸைக் கிழங்கு மசியலுக்கு அடியில் ஒளித்தபோது கண்டும் காணாமல் போனவள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு இந்த வேலைதான் எல்லாம். அவள் தன் தாளில், பன்னிரண்டரை முதல் பன்னிரண்டே முக்கால் வரை கெர்ரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பது என்று ஐந்து நாளும் எழுதியிருந்தாள். கெர்ரிக்கு ஐந்து வயது. இரும்பாலை மூடியதும் அவள் அப்பா வேலை தேடித் தெற்கே போனார், அன்றிலிருந்து பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கரண்டியைத் தொடமாட்டாள். "பட்டாணிய எண்ணி முழுங்குடி ராணி, ஒண்ணு குறைஞ்சாலும் என்னப் புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்பாள் எட்னா. குழந்தை எண்ணிக்கொண்டே தட்டைக் காலி செய்துவிடும்.

போன மாதம் டெண்டரில் நாங்களே ஜெயித்தோம். பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், எட்னாவை நிறுத்திவிட்டு அவள் வேலையை மற்ற மூவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. குழந்தை பக்கத்தில் உட்காருவது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, உட்கார நேரம் இருக்கிறதென்றால் ஆள் அதிகம் என்று அர்த்தமாம். போன் செய்தேன். "நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின தாள்தானே மிஸஸ் ஆக்ஸ்லி" என்றார் அந்த இளைஞர். கம்பெனி ஜெயித்திருந்தால் நாலு பேரையும் அனுப்பியிருப்பார்கள் என்றும் சொன்னார், குரலில் வருத்தம் இருந்தது. தொழிற்சங்கத்துக்காரரும் அதையேதான் சொன்னார். அப்பா, "ஜெயிச்சவங்களுக்கே இந்தக் கதின்னா தோத்தவன என்ன செய்வாங்க, தூக்குல போடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எட்னாவிடம் நான்தான் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீ என்ன பண்ணுவ மேவிஸ், உட்கார்ந்ததும் நான், எழுதினதும் நான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கெர்ரிக்குக் கஸ்டர்டுல ஆடை இருந்தா இறங்காது, எடுத்துட்டுக் குடு" என்றாள். திங்கட்கிழமை அவளுடைய வேலை அங்கி துவைத்துத் தேய்த்து ஆணியில் தொங்கியது. ஐம்பத்தெட்டு வயதில் அவளை யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? கடைத்தெருவில் பார்த்தால் பேசுகிறாள், எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

இந்த வாரம் மறுபடியும் அந்தத் தாள் வந்தது. பன்னிரண்டரைக்கு இப்போது கெர்ரி பக்கத்தில் நான் உட்காருகிறேன். முதல் நாள் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, எட்னா எங்கே என்று மட்டும் கேட்டாள். நேற்று முன்தினம் நாலு பட்டாணி வரை வந்தோம். அந்தக் கட்டத்தில் 'தட்டு கழுவுதல்' என்று எழுதினேன். பெரில் எட்டிப் பார்த்துவிட்டு, தன் தாளையும் அழித்து எழுதினாள்.

லின்னுக்கு என் அன்பு. தொப்பி இல்லாமல் குழந்தையை வெயிலில் கொண்டுபோகாதே. ஆண்டவர் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். எந்தக் கடிதமானாலும் கடைசியில் 'உண்மையே பேசு' என்று எழுதுவேன், அப்பாகூடக் கேலி செய்வார். இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. வேறொன்று சொல்கிறேன், மறக்காதே. குழந்தை சாப்பிடும்போது உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள்.

உன் அம்மா
மேவிஸ்