கடலுக்குத் தண்ணீர் ஊற்றிய மதினிக்கு

என் செல்ல மதினி,

நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால்காரர் வரமாட்டார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இந்தச் செய்தியை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

சங்கரன்கோவிலில் எல்லாரும் சுகம். உங்கள் மகளும் வளர்ந்துவிட்டாள். அண்ணன் டிவி வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்கத் தெருவே நம் வீட்டுக்குள்தான். அதெல்லாம் இருக்கட்டும். ஆடித்தபசு முடிந்த மறுவாரம் நான் புன்னைக்காயல் போய்வந்தேன்.

அண்ணனுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது நீங்கள் அழுத அழுகை நினைவிருக்கிறதா? தாமிரபரணி கடலில் சேரும் அந்த உப்புச் சேற்றைப் பார்த்து, இங்கன ஒரு அவரைக்கொடி வருமா என்று கேட்டீர்கள். ஆறே மாதத்தில் ஆள் மாறிப்போனீர்கள். விறகுக்கு வெட்டி வெட்டி, உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், மீன்குஞ்சும் இறாலும் ஒதுங்க வேரில்லை என்று பக்கத்து வீட்டு மீன்காரி அந்தோணியம்மாள் சொல்லிவிட்டாள். அதிலிருந்து உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கோடை லீவுக்கு வந்த என்னையும் சேற்றில் இறக்கினீர்கள். அந்த ஒற்றை மரத்தடியில் முருங்கைக்காய் மாதிரி நீளமாக உதிர்ந்து கிடந்த காய்களைப் பொறுக்கினோம். கரிசல்காட்டுக்காரிகளுக்குத் தெரிந்தது முருங்கைக் கிளையை வெட்டிப் போத்து நடுவதுதானே? முழங்கை ஆழம் தோண்டி நட்டு, வெயிலில் காயாமலிருக்க ஒவ்வொன்றின் உச்சியிலும் சாணி உருண்டை அப்பி, குடத்தில் நல்ல தண்ணீர் தூக்கிவந்து ஊற்றினோம்.

அந்தோணியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "சார் வீட்டம்மா, கடலுக்கா தண்ணி ஊத்துதிய?"

உங்களுக்குச் சிரிப்பு தாங்காமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தச் சேலையில் கறை கடைசிவரை போகவில்லை.

நட்டது அத்தனையும் அழுகிப்போயிற்று. அவள் சொன்னபடி சாண் ஆழத்தில், சாணி இல்லாமல், மறுபடி நட்டீர்கள். அவை இலை விடுவதற்குள் உங்கள் உடம்பு படுத்திவிட்டது. ஊருக்கே கூட்டிவந்தோம்.

படுக்கையில் ஒருநாள் என் கையைப் பிடித்து, "ஒண்ணாவது நிக்குதா, பிள்ள?" என்று கேட்டீர்கள்.

"எல்லாம் நிக்குது மதினி. இடுப்பு உயரம். அந்தோணியம்மா லெட்டர் போட்டிருக்கா."

லெட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் சிரித்தீர்கள். நம்பினீர்களா மதினி? இல்லை, எனக்காகச் சிரித்தீர்களா?

இத்தனை வருடம் அந்தப் பக்கம் போகவே பயம். வெறும் சேறாகக் கிடந்தால் என் பொய்யை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு இந்தமுறை பஸ் ஏறினேன்.

நிற்கிறது மதினி. எல்லாம் இல்லை, ஒன்பது. என் தலைக்கு மேலே வளர்ந்து, கால்களைப் பரப்பிக்கொண்டு நிற்கின்றன. வேர் இடுக்கில் மடவை மீன்குஞ்சுகள் கூட்டமாக மேய்கின்றன. சேற்றில் நண்டுகள் ஓட்டப்பந்தயம் நடத்துகின்றன. கிளையிலிருந்த கொக்கு என் தோளில் எச்சம் போட்டது. அதற்கும் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த மரங்களுக்கு 'சார் வீட்டம்மா மரம்' என்று பேராம். விறகுக்கு யாரும் அவற்றில் கைவைப்பதில்லை. அந்தோணியம்மாள் என் கையில் நீளக் காய் ஒன்றைத் திணித்தாள். உங்கள் மரம் காய்த்த காய்.

அதைச் சாண் ஆழத்தில் நட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சாணி உருண்டையை அதன் உச்சியில் வைத்தேன். பார்த்துவிட்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"வைங்க. கடத்தண்ணி கரைக்கு ஏறயில அதுவே கழுவிக்கிடும்."

ஒவ்வொரு கோடைக்கும் உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். எத்தனை நிற்கிறது என்று அவளையே எண்ணச் சொல்லி, உள்ளதை உள்ளபடி உங்களுக்குச் சொல்வேன். லெட்டர் வந்ததாக இனி நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அன்று பொய் சொன்ன உங்கள் நாத்தனார்,
எஸ்தர்