நோமுசா வாசிக்காத பெயர்

நவம்பர் 11, திங்கள்

மழை. நேற்றும் மழை. திரும்பி வந்து மூன்று கிழமை, சப்பாத்தின் அடியில் அந்தச் செம்மண் இன்னும் போகவில்லை. பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். குசினி சிங்க் முழுக்கச் சிவப்பு. இவர் எட்டிப் பார்த்து, "ஆபிரிக்காவை அள்ளிக்கொண்டு வந்து இங்கத்தைப் பைப்புக்குள்ள ஊத்துறீர்" என்றார்.

செய்ய வேண்டியவை:
சனிக்கிழமைப் பேச்சுக்கு இருபது படம்.
முழங்கால் டொக்டர். வியாழன் இல்லை, அடுத்த வியாழன்.
மகளுக்கு ஃபோன்.
கறுவா.

பேச்சு வால்தம்ஸ்டோவில். அடுத்த வருடம் போய்ப் படிப்பிக்க விரும்பும் ஆட்களுக்கு என் அனுபவம் வேண்டுமாம். என்ன சொல்வது? சூலு மக்களின் கிராமம், மலைச்சரிவு, மூன்று மாதம். காலையில் சிறுவர்கள், பின்னேரம் பெரியவர்கள், பதினொரு பெண்கள். ஆங்கிலம் வாசிக்க, படிவம் நிரப்ப. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அதைச் சொன்னால் பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள்.

மத்தியானம் தண்டேகாவின் குரல்செய்தி. அங்கே எனக்கு மொழிபெயர்த்த உள்ளூர்ப் பெண். பாலர் நிலைய உதவியாளர் வேலை லின்டிவேக்குக் கிடைத்துவிட்டதாம். என் பின்னேர வகுப்பு நோமுசாவின் பெயர் பட்டியலிலேயே இல்லையாம், ஏன் என்று கேட்கிறாள்.

பட்டியல் நான் கொடுத்தது, என்னை அனுப்பிய தொண்டு அமைப்புக்கு. பாலர் நிலையமும் அவர்களுடையதுதான். கடைசிச் சோதனையில் சித்தியடைந்தவர்கள் மட்டும். அவரவர் வீட்டு விபரப் படிவத்தைக் கொண்டுவந்து சத்தமாக வாசிக்க வேண்டும், அதுதான் சோதனை. நோமுசா முதல் வரி வாசித்தாள். இரண்டாவது வரியில் வாயை மூடியவள்தான். மூன்று தரம் சொன்னேன். தலை குனிந்தபடி நின்றாள். "வாசிக்கவில்லை" என்று எழுதினேன்.

பாவம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல். நான் என்ன செய்ய.

நவம்பர் 13, புதன்

வெயில் மாதிரி ஒன்று, பத்து நிமிடம்.

படங்கள் தெரிந்தெடுத்தாயிற்று. 7: பிள்ளைகள் மரத்தடியில். என் கண்ணைப் பார்த்து ஒருத்தரும் கதைக்க மாட்டார்கள். அது மரியாதை என்று முதல் நாளே விளங்கியது. கூட வந்த வெள்ளைக்காரத் தொண்டர்களுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன், எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று. பெரிய பெருமை எனக்கு.

14: நோமுசா, படிவத்தோடு. சோதனையன்று நானே எடுத்தது. முன் வாங்கில் இருப்பவள், வகுப்பில் முதலில் வருகிறவள். அதுதான் விளங்கவில்லை. பயந்துபோனாள் போல.

அவளுடைய புருஷன் ஜொகன்னஸ்பேர்க் போய் இரண்டு வருடம், ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு மாமனார் வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் தண்டேகாவை வைத்துச் சொன்னாள்: பாலர் நிலைய வேலை கிடைத்தால் பிள்ளைகளோடு இருப்பேன். இல்லாவிட்டால் நானும் நகரத்துக்குப் போக வேண்டும்.

பாதிச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

"நேர்மையாத்தானே மார்க் போட்டனீர்?" என்றார் இவர்.

"ஓம்."

"பின்னை என்ன?"

நவம்பர் 16, சனி

ரயில் ஓடவில்லை. இரண்டு பஸ். மண்டபத்தில் ஹீட்டர் இல்லை, எல்லாரும் கோட்டோடு. வடை நல்லது. முப்பது பேர் இருக்கும்.

பேச்சு நன்றாகத்தான் போனது. தண்ணீர் கதைக்குச் சிரித்தார்கள். ஒருத்தரும் எழும்பிப் போகவில்லை. பிறகு 14ஆம் படம். நோமுசாவின் விரல் இரண்டாவது வரிக்குக் கீழே. "எவ்வளவு முயன்றாலும் சிலரைக் கரைசேர்க்க முடிவதில்லை" என்றேன். ஒரு பெருமூச்சும் விட்டேன்.

முன்வரிசையில் பவளம் அக்கா. கூட்டத்தை ஒழுங்கு செய்தவ, எழுபது தாண்டியவ. தேத்தண்ணிக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டா.

"உது ஆற்ற பேர், விரல் வைச்சிருக்கிற இடம்?"

"வீட்டுத் தலைவர், அக்கா. மாமனாற்ற பேர்."

"பின்னை எப்பிடியடி வாசிப்பாள்?"

அவ்வளவுதான். பின்னால் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. மிச்ச ஆறு படத்தையும் எப்படிக் காட்டினேன் என்று தெரியாது. கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அம்மாவின் நினைப்பு. குரோய்டன் குடிவரவு அலுவலகம், அம்மாவுக்கு அகதி விசாரணை, பக்கத்தில் நான். "கணவர் பெயர்?" அம்மா வாய் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டார், நான் கெஞ்சினேன், அம்மா மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தா. அந்த வெள்ளைக்கார அதிகாரி, சின்னப் பெண், கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஒரு தாளையும் பேனையையும் அம்மா பக்கம் தள்ளி வைத்தாள். அம்மா அப்பாவின் பெயரை எழுதினா.

எத்தனை கலியாண வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அம்மா மாதிரி நடித்துக் காட்டுவதே நான்தான்.

சோதனையன்று என் கையிலும் பேனை இருந்தது. அதால்தான் "வாசிக்கவில்லை" என்று எழுதினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தண்டேகாவுக்கு ஃபோன். லைன் விட்டு விட்டு.

பவளம் அக்கா சொன்னதைச் சொன்னேன். "ஆம் மாம். மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. நான் அன்றைக்கு டவுனுக்குப் போயிருந்தேன், இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன்."

"வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?"

"நீங்கள் ரீச்சர், மாம். ரீச்சர் செய்வது பிழை என்று யார் சொல்வது?"

இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் என் புருஷனின் பெயர் இல்லை. இவர், இவர், இவர். நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

நவம்பர் 18, திங்கள்

காலை ஒன்பதுக்கு அமைப்புக்கு மின்னஞ்சல். பத்துக்குப் பொறுமை இல்லை, ஃபோன். எடுத்தது மரியாதையான ஒரு பிள்ளை. லின்டிவே போன திங்களே வேலை தொடங்கிவிட்டாவாம். இருப்பது ஒரே ஒரு இடமாம்.

லின்டிவேயும் என் வகுப்புத்தான். மூன்று பிள்ளைகள். அவளை எழுப்பிவிட்டு இவளை இருத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சித்தி" என்று திருத்திய தாளை அனுப்பினேன். பின்னேரம் பதில் வந்தது: நன்றி, கோப்பில் சேர்த்துவிட்டோம்.

மகள் ஃபோன் எடுத்தாள். "அம்மா, யூ டிட் யுவர் பெஸ்ட்" என்றாள். எரிச்சல் வந்தது. வைத்துவிட்டேன். திரும்ப எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கறுவா இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

தண்டேகா தன் ஃபோனை நோமுசாவின் கையில் கொடுத்தாள்.

வியாழன் விடிய நகரத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறுகிறாள். ஜொகன்னஸ்பேர்க்கில் ஒரு வீட்டில் வேலை, அங்கேயே தங்க வேண்டும், பிள்ளைகள் வரக் கூடாது. இதெல்லாம் தண்டேகா முதலே சொன்னது. நோமுசா சொன்னது: "ரீச்சர், உங்கள் ஊரில் குளிரா?"

குளிர் என்றேன். பிழை என்னுடையது என்றேன். உன்னை எழுதச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன்.

"முழங்கால் எப்படி, ரீச்சர்?"

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பின்னால் சின்னவள் இருமிக்கொண்டு இருந்தாள். அந்த இருமல் எனக்குத் தெரியும், நோமுசா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வருவாள்.

இவர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். "அடுத்த வருசம் திரும்பப் போறீரோ?"

"எந்த முகத்தோட போறது?"

தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி வழமையை விடக் கூட.

நவம்பர் 21, வியாழன்

கார்க் கண்ணாடியெல்லாம் உறைபனி. டொக்டர் 9.20. புது மாத்திரை, படி ஏறக் கூடாது. வீட்டில் இருப்பதே படி.

டொக்டரிடம் காத்திருக்கும்போது தண்டேகாவிடமிருந்து செய்தி. நோமுசா ஐந்து மணிக்குப் போய்விட்டாளாம். பிள்ளைகள் நித்திரையாம், எழுப்ப வேண்டாம் என்றாளாம்.

கூட ஒரு படம். அடுத்த வருடப் பள்ளிப் பதிவுப் படிவம். தண்டேகா உதவி செய்யவில்லையாம், நேற்று நோமுசா தனியே இருந்து நிரப்பினாளாம், ரீச்சருக்குக் காட்டு என்றாளாம்.

பெரியவளின் பெயர், பிறந்த நாள். சின்னவளின் பெயர், பிறந்த நாள். தாய் பெயர். பிள்ளைகளின் பாதுகாவலர் என்ற இடத்தில் மாமனாரின் முழுப்பெயர். பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே ஓர் இடத்திலும் போகாமல், நான் பழக்கிவிட்டபடி.